அறிவியல் புனைவும் மாயாஜாலமும்: கொங்குப் பக்கம் படம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கம் நோம்பிக்கும் பரீட்சை லீவுக்கும் திரை கட்டிப் படம் போடுபவர்கள், வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்கள், போனை வைத்துக்கொண்டு தாங்களே ஒரு படம் எடுத்துவிடலாமா என்று யோசிப்பவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. கருத்தெல்லாம் எங்களுடையது, சண்டைக்கு வரலாம். கணக்கு மட்டும் யார் போட்டாலும் ஒன்றுதான். சில படங்களின் முடிச்சு ஆங்காங்கே அவிழும்.

ஏனுங்க, பேய்ப்படம், சாமிப்படம், ரோபோ படம் எல்லாமே நடக்காத கதைதானுங்க. இதுல எது அறிவியல் புனைவு, எது மாயாஜாலம்?

தோட்டத்து மோட்டார் ஓடவில்லை என்றால் முதலில் பியூஸ் பார்ப்போம், அப்புறம் கண்டன்சர், கடைசியில்தான் காயில். படத்தில் வரும் எந்திரமும் அப்படிப் பழுதாகி, பழுதுக்கு ஒரு காரணம் தேட முடிந்தால் அது அறிவியல் புனைவு. மாயாஜாலத்தில் எந்திரத்தின் இடத்தில் வரமும் சாபமும் வாக்கும் இருக்கும். வரத்தைக் கழற்றிப் பார்க்க முடியாது. ஆனால் வரத்துக்கும் ஷரத்து உண்டு.

இரணியன் வாங்கிய வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் கூடாது, இரவில் கூடாது, உள்ளே கூடாது, வெளியே கூடாது, மனிதனாலும் கூடாது, மிருகத்தாலும் கூடாது. நரசிம்மம் அந்த விதியை உடைக்கவில்லை. அந்தி நேரத்தில் வாசற்படியில் வைத்து, அதன் இடுக்கில் புகுந்தது. நல்ல திரைக்கதை என்றால் அதுதான்.

அப்ப ஒரு படம் நல்லாருக்கு, நல்லால்லைன்னு எதை வெச்சுச் சொல்லுவீங்க? கிராபிக்ஸை வெச்சா?

கிராபிக்ஸ் கடைசி. முதலில் மூன்று விஷயம் பார்ப்போம். அந்த உலகத்தின் விதி இடைவேளைக்கு ரொம்ப முன்பே சொல்லப்பட்டதா? அந்த விதி கதாநாயகனையும் கட்டுகிறதா? சக்தியைப் பயன்படுத்தினால் யாராவது விலை கொடுக்கிறார்களா?

2015ல் வந்த ‘இன்று நேற்று நாளை’ மூன்றிலும் தேறுகிறது. 2065ல் செய்த கால எந்திரம் 2015ல் இரண்டு பேர் கையில் சிக்குகிறது. அவர்கள் உலகத்தைக் காப்பாற்றப் போகவில்லை. தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லி, ஜோசியம் என்ற பெயரில் காசு பார்க்கிறார்கள். நம் ஊர் ஆள் கையில் கால எந்திரம் கிடைத்தால் முதலில் இதைத்தான் செய்வான். அப்படிக் காலத்தில் கை வைத்ததில், செத்திருக்க வேண்டிய ஒரு ரவுடி பிழைத்துவிடுகிறான். அதுதான் விலை. இரண்டாம் பாதி முழுக்க அந்தக் கடனை அடைக்கும் கதைதான்.

விதி தவறுகிற படம் எப்படி இருக்கும் என்றால், வில்லனின் கவசத்தை எதனாலும் துளைக்க முடியாது என்று முக்கால் படம் வரை சொல்லிவிட்டு, உச்சக்கட்டத்தில் கதாநாயகன் கோபப்பட்டதும் அது உடைந்துவிடும். கோபத்தால் கவசம் உடையும் என்றால் முதல் சண்டையிலேயே கோபப்பட்டிருக்கலாமே. நூறு கோடி செலவழித்தாலும் இந்த ஓட்டையை அடைக்க முடியாது.

டைம் டிராவல் படம் பார்த்தா தலை சுத்துதுங்க. எதைப் புடிச்சுக்கிட்டுப் பார்க்கிறது?

முதல் 30 நிமிடத்தில் ஒன்றே ஒன்றைக் கண்டுபிடித்தால் போதும். இறந்த காலத்தை மாற்ற முடியுமா, முடியாதா?

மாற்ற முடியும் என்றால் ‘இன்று நேற்று நாளை’ வகை. ஒரு தாளில் கோடு போட்டு, மாற்றிய இடத்தில் கிளை பிரித்து வரைந்தால் புரிந்துவிடும். எதை மாற்றப் போனாலும் நடந்ததேதான் நடக்கும் என்றால் 1984ல் வந்த ‘டெர்மினேட்டர்’ வகை. எதிர்காலத் தலைவனைப் பிறக்க விடாமல் செய்ய எந்திரத்தை அனுப்புகிறார்கள். அதைத் தடுக்க வந்தவனே அந்தத் தலைவனுக்கு அப்பா ஆகிறான். இதற்குக் கிளை கிடையாது, வட்டம்தான்.

மூன்றாவது, ஒரே நாள் திரும்பத் திரும்ப வருவது. 2021ல் வந்த ‘மாநாடு’ நமக்குப் பக்கத்துப் படம். கதாநாயகன் துபாயிலிருந்து கோயமுத்தூருக்கு விமானத்தில் வந்து ஊட்டிக் கல்யாணத்துக்குப் போகிறான். ஒவ்வொரு முறை செத்ததும் அதே விமான இருக்கையில் கண் விழிக்கிறான். இந்த வகையில் கதாநாயகன் தோற்கவே முடியாதே, பிறகு எப்படிப் பதற்றம் வரும்? அதே வசதி வில்லனுக்கும் கிடைத்துவிடுவதுதான் அந்தப் படத்தின் கெட்டிக்காரத்தனம். அது எப்படிக் கிடைக்கிறது என்பதற்கும் ரத்தம் ஏற்றுவதில் ஒரு காரணம் வைத்தார்கள் பாருங்கள், விதி என்று நாங்கள் சொல்வது அதைத்தான்.

இந்த மாதிரிப் படமே புடிக்காதுங்கற ஆளுக்கு எதுல ஆரம்பிக்கிறதுங்க?

‘மாயாபஜார்’ (1957), ‘இன்று நேற்று நாளை’, ‘மாநாடு’, பிறகு ‘தி மார்ஷியன்’ (2015), அதற்குப் பிறகு ‘இன்டர்ஸ்டெல்லர்’ (2014), கடைசியில் ‘அரைவல்’ (2016). இந்த வரிசை மாறினாலும் பரவாயில்லை. ஆனால் 1968ன் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யை முதலில் போட்டுவிடாதீர்கள். முதல் வசனம் வரவே சுமார் 25 நிமிடம் ஆகும். அதற்குள் எதிரில் இருப்பவர் போனைக் கையில் எடுத்திருப்பார். அது மகத்தான படம்தான், பத்தாவதாகப் பார்த்தால்.

இன்டர்ஸ்டெல்லர்ல அந்தத் தண்ணி கிரகத்துல ஒரு மணி நேரம் இருந்தா இங்க ஏழு வருசம்ங்கறது ரீலுங்களா?

ரீல் இல்லை. ஈர்ப்பு கூடுகிற இடத்தில் கடிகாரம் மெதுவாக ஓடும். உங்கள் போனில் வழி காட்டுகிற ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் உள்ள கடிகாரம், உயரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், தரையில் உள்ளதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி வேகமாக ஓடுகிறது. அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பல கிலோமீட்டர் பிசகும். அவிநாசிக்குப் போகிறவரை அன்னூரில் கொண்டு நிறுத்திவிடும்.

படத்தில் வருவது அதன் உச்சம். 7 ஆண்டுகளை மணி நேரமாக்கினால் ஏறத்தாழ 61,000. அதாவது அங்கே ஒரு நிமிடம் இங்கே சுமார் 43 நாள். தீக்குச்சி உரசும் ஒரு நொடி, இங்கே 17 மணி நேரம். அலை வருகிறது, ஓடி வாருங்கள் என்று ஒருவர் கத்த, இன்னொருவர் தயங்கி நிற்கும் காட்சியை இந்தக் கணக்கோடு திரும்பப் பாருங்கள், வயிற்றைப் பிசையும். இப்படி ஓர் இடம் அமைய வேண்டுமானால் அந்தக் கிரகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கருந்துளை கிட்டத்தட்ட உச்ச வேகத்தில் சுழல வேண்டும். கணக்கைப் பார்த்தவர் கிப் தோர்ன். ஈர்ப்பலைகளுக்காக 2017ல் இயற்பியல் நோபல் வாங்கியவர்களில் ஒருவர்.

மார்ஷியன்ல செவ்வாய்ல உருளைக்கிழங்கு போடறாரே, அது ஆகுங்களா?

மேட்டுப்பாளையம் உருளைக்கிழங்கு மண்டியில் இதைக் கேட்டால் முதலில் மண்ணைப் பற்றித்தான் பேச்சு வரும். அது சரியான கேள்வி. செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருக்கிறது. 2008ல் இறங்கிய ஃபீனிக்ஸ் விண்கலம் கண்டது. அது கலந்த மண்ணில் விளைந்ததைத் தின்றால் தைராய்டுக்குக் கேடு. தண்ணீரில் எளிதாகக் கரையும் உப்பு என்பதால் மண்ணை அலசிவிடலாம், ஆனால் அதற்குப் படத்தில் இருப்பதைவிட நிறையத் தண்ணீர் வேண்டும். எரு போடுவது, ஈரம் காப்பது, கண் உள்ள துண்டாகப் பார்த்து நறுக்கி நடுவது எல்லாம் படத்தில் நேர்த்தியாக வருகிறது.

பெரிய பிழை தொடக்கத்தில் வரும் புயல். செவ்வாயின் காற்று நம் காற்றின் அடர்த்தியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அங்கே மணிக்கு 160 கிலோமீட்டரில் அடித்தாலும் இங்கே 20 கிலோமீட்டர் காற்று பட்ட மாதிரிதான் இருக்கும். துணி காயும். ராக்கெட் சாயாது. ஆனால் அந்தப் புயல் இல்லாவிட்டால் கதையே இல்லை என்பதால், ஒரு படத்துக்கு ஒரு பொய் என்று நாங்கள் மன்னித்துவிடுகிறோம். இரண்டாவது பொய்க்குத்தான் கோபம் வரும்.

நம்மூர்ப் படத்துல கிராபிக்ஸ் மட்டும் ஏனுங்க பொம்மையாத் தெரியுது? காசு பத்தலைங்களா?

காசும் காரணம், நாள் இன்னும் பெரிய காரணம். வெளியீட்டுத் தேதியை முதலில் அறிவித்துவிட்டுக் கடைசி இரண்டு மாதத்தில் மொத்தக் காட்சியையும் தள்ளினால் எந்த ஸ்டுடியோவும் திணறும். ஆனால் கண்ணுக்குப் பொய் தெரிவது பெரும்பாலும் நான்கு இடத்தில்.

காலைப் பாருங்கள். ராட்சசனோ ரோபோவோ நிற்கும் இடத்தில் பாதத்துக்கு அடியில் அடர்ந்த நிழல் இல்லை என்றால் அது தரையில் நிற்காது, மிதக்கும். அடுத்தது வெயில். ஆளுக்கு இடது பக்கம் வெயிலும் பின்னால் ஒட்டிய மலைக்கு வலது பக்கம் வெயிலும் இருந்தால் மூளை உடனே முரண்டு பிடிக்கும். மூன்றாவது மங்கல். நொடிக்கு 24 பிரேம் எடுக்கும் கேமரா வழக்கமாக ஒவ்வொரு பிரேமையும் 48ல் ஒரு நொடி திறந்து வைக்கும். அதனால் வேகமாகப் போகும் கை மங்கலாகப் பதியும். கணினியில் செய்த கை கூர்மையாக இருந்தால் வெட்டி ஒட்டிய மாதிரித் தெரியும். நான்காவது கேமரா. நிஜக் கேமரா போக முடியாத வழியில் ஈ பறக்கிற மாதிரிச் சுற்றினால், எவ்வளவு நேர்த்தியாக வரைந்திருந்தாலும் வீடியோ கேம்தான்.

இன்னொன்று முகம். 2014ன் ‘கோச்சடையான்’ நடிப்பைப் பதிவு செய்து உருவம் கொடுத்த துணிச்சலான முயற்சி. உடம்பு நன்றாக நடந்தது. கண்தான் உயிரில்லாமல் நின்றது. 2010ன் ‘எந்திர’னில் அந்தச் சிக்கலே எழவில்லை. ரோபோவுக்குக் கண் உணர்ச்சியில்லாமல் இருப்பதே கதைக்குப் பொருத்தம். கையில் உள்ள தொழில்நுட்பத்துக்கு ஏற்ற கதையை எடுப்பது பாதிக் காசை மிச்சம் பண்ணும்.

கொங்கு நாட்டுக்கும் இந்த மாதிரிப் படத்துக்கும் சம்பந்தம் உண்டுங்களா?

நிறைய. கோயமுத்தூர்க்காரர் சாமிக்கண்ணு வின்சென்ட், ரயில்வேயில் வேலை பார்த்தவர், 1905ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் படச்சுருளும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தத் தெரு இன்றும் வெரைட்டி ஹால் ரோடுதான்.

சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) அங்கே வந்ததுதான். பலருக்குத் தெரியாதது, 1952லேயே அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ‘காடு’ என்று ஒரு படம் எடுத்தார்கள், ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’. யானைகள் எதைக் கண்டு மிரண்டு ஓடுகின்றன என்று தேடிப் போனால், அழிந்துபோனதாக நினைத்த மாமத யானை நிற்கிறது! நிஜ யானைக்கு மயிர்ப்போர்வை போர்த்திவிட்டார்கள். இன்றைக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்த யானையின் காலடியில் நிழல் சரியாக விழுந்திருக்கும், ஏனென்றால் அது நிஜமாக நின்றது.

சென்னையில் எடுத்ததென்றாலும் 1963ன் ‘கலை அரசி’யையும் இங்கே சொல்ல வேண்டும். பாட்டும் ஆட்டமும் இல்லாத ஒரு கிரகத்துக்காரர்கள், கற்றுக்கொள்வதற்காக பூமியிலிருந்து ஒரு பாடகியைத் தூக்கிப் போகிறார்கள். தங்கத்துக்கும் தண்ணீருக்கும் படையெடுக்கிற வேற்றுக்கிரகவாசிகளைவிட இது எவ்வளவோ மேலான யோசனை. செட்டைப் பார்த்துச் சிரித்துவிட்டு யோசனையைக் கோட்டை விடாதீர்கள்.

நம்ம ஊர்க் கதைகள்ல எதைப் படமா எடுக்கலாம்னு நினைக்கிறீங்க?

அண்ணன்மார் கதை. உடுக்கடித்து ராத்திரி ராத்திரியாகப் பாடுகிற பொன்னர் சங்கர் கதைக்கு வெளியே போய் மாயாஜாலம் தேட வேண்டியதில்லை. கொம்பன் என்ற காட்டுப்பன்றி இருக்கிறது. வரும்முன் சொல்லும் தங்கை தங்காள் இருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே படுகளம் இருக்கிறது. மாண்டுபோன அண்ணன்மாரைத் தங்கை எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்குவதில்லை, பேசிவிட்டுத் திரும்பப் போய்விடுகிறார்கள். எழுப்ப முடியும், வைத்துக்கொள்ள முடியாது. விதியும் விலையும் ஒரே காட்சியில். கனடாவின் மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் காங்கேயம் பக்கம் தங்கி இந்தக் கதையைப் பதிவு செய்தார். பிறகு அதை 26 பகுதி அனிமேஷனாகவும் கொண்டுவந்தார்.

எடுப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள், கொம்பனைக் கடைசி வரை முழுதாகக் காட்டாதீர்கள். சோளக்காடு அசையட்டும், உடுக்கை நிற்கட்டும், கரும்புத் தட்டு முறியும் சத்தம் வரட்டும்.

மாரியம்மன் நோம்பிக்குக் களத்துல திரை கட்டிப் படம் போடலாம்னு இருக்கறோம். என்னென்ன வேணும், எது காலை வாரும்?

அறிவியல் புனைவுப் படம் போடுவதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு, பாதிப் படம் இருட்டு. குடும்பப் படத்துக்குப் போதுமான வெளிச்சம் விண்வெளிப் படத்துக்குப் போதாது.

புரொஜெக்டரில் ‘ஆன்சி லூமென்’, அதாவது முறைப்படி அளந்த வெளிச்சம், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். சும்மா லூமென் என்று பெட்டியில் 9,000 போட்டிருக்கும், அளந்தால் 200 வரும். தியேட்டர் தரத்துக்கு ஒரு சதுர அடிக்கு 14 லூமென் வேண்டும். 12 அடி அகலம், 6¾ அடி உயரத் திரை 81 சதுர அடி, அதற்குச் சுமார் 1,130 லூமென். சினிமா மோடில் வெளிச்சம் குறையும் என்பதால் 2,500 ஆன்சி லூமென் வாடகைக்கு எடுத்தால் சரியாக இருக்கும். 200 லூமென் பெட்டிக்கு 5 அடி அகலத்துக்கு மேல் ஆசைப்படக் கூடாது. திரை அகலத்தைப் போல எத்தனை மடங்கு தள்ளி வைக்க வேண்டும் என்பதுதான் திரோ ரேஷியோ. அது 1.5 என்றிருந்தால் புரொஜெக்டரைத் திரையிலிருந்து 18 அடி தள்ளி வைக்க வேண்டும். மேசை போடும் இடத்தை முந்தின நாளே அளந்து சுண்ணாம்பில் குறி போடுங்கள்.

திரைக்கு எட்டு முழ வேட்டி வேண்டாம். ஒளி பாதி பின்பக்கம் போய்விடும், பின்னால் இருக்கும் நாய்க்குத்தான் படம் தெரியும். பேனர் கடையில் அச்சடிக்காத வெள்ளை ஃபிளெக்ஸ், பின்பக்கம் கறுப்பு உள்ளது, பளபளப்பில்லாததாகப் பார்த்து வாங்கி, ஓரம் மடித்து அடிக்கு ஒரு வளையம் அடிக்கச் சொல்லுங்கள். பளபளப்பான ஃபிளெக்ஸில் நடுவில் வெள்ளைப் பொட்டு மாதிரி ஒளி திரளும்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு நம் திரை ஒரு பாய்மரம். மணிக்கு 36 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரை ஏறத்தாழ 6 கிலோ எடையில் தள்ளும். 81 சதுர அடி என்பது 7½ சதுர மீட்டர், ஆக 45 கிலோ. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு, 180 கிலோ. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது வெறும் பேச்சில்லை. மூங்கிலுக்கு முன்னும் பின்னும் 45 பாகைச் சாய்வில் கயிறு இழுத்து முளை அடியுங்கள். மேல் ஓரத்தைக் கயிற்றாலும், பக்கங்களையும் கீழ் ஓரத்தையும் பழைய சைக்கிள் டியூபை வெட்டியும் கட்டுங்கள். காற்று வீசும்போது ரப்பர் விட்டுக் கொடுக்கும், வளையம் பிய்யாது. ஆடி மாதமென்றால் களத்தை விட்டுவிட்டு மேற்கே சுவர் இருக்கும் இடமாகப் பாருங்கள்.

நேரம். சூரியன் மறைந்து 45 நிமிடமாவது போக வேண்டும். கோயமுத்தூரில் ஜூனில் 6.50க்குப் பக்கம் மறையும், டிசம்பரில் 6 மணிக்கே. ஆக ஜூனில் 7.35, டிசம்பரில் 6.45. அதற்குள் கூட்டம் பொறுமை இழக்கும், பாட்டுப் போடுங்கள்.

சத்தத்தில் எல்லோரும் மாட்டும் இடம் ஒன்று. குண்டு வெடிப்பது காது கிழிகிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. படத்தின் ஒலி 5.1ல், அதாவது ஆறு ஸ்பீக்கருக்குப் பிரித்து இருக்கும், அதில் வசனம் நடு ஸ்பீக்கருக்கு. உங்களிடம் இடம் வலம் இரண்டு ஸ்பீக்கர்தான். பிளேயர் அமைப்பில் ஒலியை ‘ஸ்டீரியோ’ என்று மாற்றினால் நடு ஒலி இரண்டிலும் பிரிந்து வரும். புளூடூத் வேண்டாம், உதடு ஒரு பக்கம் பேச்சு ஒரு பக்கமாகும், கேபிள் போடுங்கள். கோயில் கூம்பு ஸ்பீக்கரில் அடித்தொண்டைச் சத்தமே வராது, விண்கலம் கொசு மாதிரிக் கத்தும். பெட்டி ஸ்பீக்கர் இரண்டை திரைக்கு இரு பக்கமும் காது உயரத்துக்கு ஏற்றி வையுங்கள்.

கரண்ட் போனால் படம் நிற்பதுகூடப் பெரிதில்லை. பல்பு வைத்த புரொஜெக்டரில் சூடான பல்புக்குக் காற்றடிக்கும் விசிறியும் நின்றுவிடும், பல்பின் ஆயுள் போகும். 600 விஏ யுபிஎஸ் ஒன்றைப் புரொஜெக்டருக்கு மட்டும் கொடுங்கள், ஸ்பீக்கரை அதில் செருகாதீர்கள். ஐந்து நிமிடம் தாங்கினால் முறையாக அணைத்துவிடலாம்.

மழை பெய்து ஓய்ந்த ராத்திரி ஈசல் வரும். லென்ஸ் முன்னால் ஓர் ஈசல் பறந்தால் திரையில் கழுகு. 50 அடி தள்ளி, திரைக்கு ஒளி படாத மூலையில் ஒரு வெள்ளைப் பல்பை எரியவிட்டு அதன் அடியில் அகலப் பாத்திரத்தில் தண்ணீர் வையுங்கள். படம் முடிந்ததும் புரொஜெக்டரின் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டுங்கள்.

அதுக்கு அனுமதி கினுமதி வேணுங்களா?

வேண்டும். ஓடிடி சந்தா வீட்டில் பார்க்க மட்டும், ஊரைக் கூட்டிக் காட்ட இல்லை. உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். பொது இடத்தில் திரையிட மாவட்ட நிர்வாகத்திடமும், கூட்டத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் காவல் நிலையத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியச் சட்டப்படி ஒரு படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டு. 1963ன் ‘கலை அரசி’க்கு அது 2023 டிசம்பரோடு முடிந்தது. ஆனால் வண்ணமூட்டிய, சீர்செய்த பிரதிக்கும், பாட்டு, எழுத்துக்கும் தனி உரிமை இருக்கலாம் என்பதால் அதையும் விசாரியுங்கள்.

தமிழ் சப்டைட்டில் போட்டா கட்டம் கட்டமா வருதுங்க. இல்லைன்னா பேச்சுக்கு முன்னாடியே ஓடுது.

கட்டம் வருவதற்கு எழுத்துரு காரணம், கிறுக்கல் வருவதற்குக் குறியீடு காரணம். விஎல்சி பிளேயரில் சப்டைட்டில் அமைப்புக்குப் போய்க் குறியீட்டை யுடிஎஃப்-8 என்றும், எழுத்துருவை லதா அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ் என்றும் மாற்றி, பிளேயரை மூடித் திறங்கள்.

முன்பின்னாக ஓடுவதில் இரண்டு வகை. தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு பிசகினால், ஜி, எச் விசைகளைத் தட்டிச் சரி செய்யலாம். ஒரு தட்டுக்கு 50 மில்லி நொடி நகரும். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது வேறு வேகத்துப் பிரதிக்குச் செய்த கோப்பு. நொடிக்கு 25 பிரேமுக்கும் 23.976க்கும் உள்ள வித்தியாசம், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம். விசையைத் தட்டிப் பயனில்லை, வேறு கோப்பு தேடுங்கள்.

டப்பிங்கா சப்டைட்டிலா என்றால், கூட்டத்துக்கு டப்பிங், தனியாகப் பார்க்க சப்டைட்டில். மொழியே கதையாக இருக்கும் ‘அரைவ’லை மட்டும் டப்பிங்கில் பார்க்காதீர்கள்.

3டியில பார்க்கலாங்களா?

3டியிலேயே எடுத்த படமென்றால் பார்க்கலாம், ‘2.0’ (2018) அப்படி. பிறகு மாற்றியது என்றால் 2டியே மேல். தியேட்டரில் சதுர அடிக்கு 14 லூமென் என்ற அளவில் வரவேண்டிய வெளிச்சம் கண்ணாடி வழியே 4½ வந்தாலே நல்ல தியேட்டர். இருட்டுப் படத்துக்கு அது கட்டாது.

பசங்க போன்லயே இந்த மாதிரி எடுக்கணும்ங்கறாங்க. எதுல ஆரம்பிக்கிறது?

தட்டிலிருந்து லட்டு தானாக நகர்ந்து போகும் காட்சியில். நொடிக்கு 12 படம் என்று வைத்தால், ஐந்து நொடிக்கு 60 படம். ஒவ்வொரு படத்துக்கும் லட்டை 5 மில்லிமீட்டர் நகர்த்தினால் மொத்தம் 30 சென்டிமீட்டர் போகும். தட்டுக்கு அருகே ஸ்கேலை வைத்து, படச் சட்டத்துக்கு வெளியே குறி போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஐந்து படத்துக்கும் கடைசி ஐந்து படத்துக்கும் மட்டும் 2 மில்லிமீட்டர்தான் நகர்த்த வேண்டும் (மொத்தம் 27 சென்டிமீட்டராகும்), அப்போதுதான் கிளம்புவதும் நிற்பதும் இயல்பாக இருக்கும்.

போனை ஸ்டாண்டில் இறுக்கி, போகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் போன் தானாக மாற்றி, ஓடவிடும்போது டியூப்லைட் மாதிரி மினுக்கும். ஜன்னலை மூடுங்கள், மேகம் போனால் வெளிச்சம் மாறும். எல்இடி விளக்கென்றால் ஷட்டரை (கேமரா திறந்திருக்கும் நேரத்தை) 50ல் ஒரு நொடி அல்லது 100ல் ஒரு நொடி என்று வையுங்கள், நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால். கை நிழல் தட்டில் விழுகிற பக்கத்தில் நிற்காதீர்கள். படமெடுக்கும் பொத்தானைக் கையால் தொடாமல் டைமரிலோ இயர்போன் பொத்தானிலோ அழுத்துங்கள்.

அடுத்த படி மினியேச்சர். அட்டைக் கட்டடம் இடிவது பொம்மையாகத் தெரிவதற்குக் காரணம் அது சீக்கிரம் விழுந்துவிடுவது. அளவு எத்தனை மடங்கு சிறியதோ அதன் வர்க்கமூலம் அளவுக்குக் கேமராவின் பிரேம் வேகத்தைக் கூட்டி எடுங்கள். 25ல் ஒரு பங்கு பொம்மைக்கு 5 மடங்கு, 24ஐ 5ஆல் பெருக்கினால் 120 பிரேம். பல போன்களின் ஸ்லோமோஷனில் அந்த வேகம் இருக்கும். அணை உடைவது மட்டும் வேண்டாம். அணையைச் சுருக்கலாம், தண்ணீர்த் துளியைச் சுருக்க முடியாது. பவானிசாகர் உடைந்தாலும் பக்கெட் கவிழ்ந்த மாதிரிதான் இருக்கும்.

சின்னப் பசங்களைக் கூட்டிட்டுப் போலாங்களா?

சான்றிதழைப் பாருங்கள். பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கச் சொல்லும் யுஏ இப்போது வயதை வைத்து 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ரோபோ படம் என்றாலே குழந்தைப் படம் என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்க அம்மாயிக்கு எழுபத்தஞ்சு வயசுங்க. அவங்களுக்கு எதைப் போடறது?

‘மாயாபஜார்’. கடோத்கஜன் யார் என்று விளக்க வேண்டியதில்லை, நாம் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் அந்த நிலாக் காட்சி வரும்போது பக்கத்தில் பேசாதீர்கள். கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம், எனவே நடுவில் 15 நிமிடம் விட்டுக் காப்பி கொடுங்கள். களத்தில் போடுவதென்றால் முதல் வரிசையில் உட்கார வைக்காதீர்கள், கழுத்து வலிக்கும். 12 அடித் திரைக்கு 25 அடி தள்ளி, ஸ்பீக்கருக்கு நேரே, கை வைத்த நாற்காலி. பனிக்கு ஒரு சென்னிமலைப் போர்வை.